துவக்கின் வாய் எந்தப் பக்கம்?



கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு, பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள். அவர்களுக்கும் வாசித்துக் காட்டலாம்.

போன மாதம் கொட்டாஞ்சேனையில் கடை வைத்திருக்கும் ஒரு வாப்பா என்னைத் தேடி வெள்ளவத்தைக்கே வந்தார். கையில் ஒரு கடிதம். அவருடைய மகள் பத்தாம் வகுப்பு. பாடசாலையில் எயார் ரைபிள் குழுவுக்குத் தெரிவாகியிருக்கிறாள். பெற்றார் கையொப்பம் வேண்டும்.

"சேர், பிள்ளை ரெண்டு கிழமையா அழுதுகொண்டிருக்கிறாள். நான் வேணாம் என்றுதான் சொன்னேன். எங்கட ஆக்களுக்கு இப்ப துவக்கு விளையாட்டு தேவையா? 2019இல் நாங்க பட்டது மறந்து போச்சா? நீங்க சரித்திரம் படிப்பிக்கிற ஆள். நீங்களே அவளுக்கு எடுத்துச் சொல்லுங்க."

சரித்திரம் படிப்பிக்கிற ஆள் என்று சொல்லிவிட்டார். ஆகவே உடனே பதில் சொல்லவில்லை. "நானா, ஒரு கிழமை தாங்க" என்றேன். அந்த ஒரு கிழமையில் யோசித்ததையும் பழைய புத்தகங்களைப் புரட்டியதையும் பிறகு நேரில் போய்ப் பார்த்ததையும்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல். நாங்கள் துவக்கு என்கிறோம், இந்தியாவில் துப்பாக்கி என்கிறார்கள். சிங்களத்தில் துவக்குவ. எல்லாம் துருக்கி மொழிச் சொல் ஒன்றிலிருந்து கடல் கடந்து வந்தவை. சாமான் வந்த வழியே பேரும் வந்தது.

இனி எங்கள் ஊர். கொழும்பில் ஒவ்வொரு பின்னேரமும் பிள்ளைகள் பட்டம் விடும் காலிமுகத்திடல் ஏன் வெறும் வெளியாக இருக்கிறது என்று எப்போதாவது யோசித்திருக்கிறீர்களா? ஒல்லாந்தர் காலத்தில் கோட்டையின் பீரங்கிகளுக்கு முன்னால் மறைப்பு எதுவும் இருக்கக்கூடாது என்பதற்காக வெட்டவெளியாக வைக்கப்பட்ட நிலம் அது. பீரங்கியின் வாய் பார்க்கும் திசையில் வீடும் இல்லை, மரமும் இல்லை. பிறகு ஆங்கிலேய ஆளுநர் ஹென்றி வார்ட் 1856இல் அங்கே கடலோர நடைபாதை வேலையைத் தொடங்கி 1859இல் முடித்தார். கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் அதைப் பேணும்படி தனக்குப் பின் வருபவர்களைக் கேட்டுக்கொண்டு ஒரு கல்லும் நட்டார். குண்டு போவதற்காக ஒதுக்கிய இடம் பிள்ளைகள் ஓடும் இடமாகியது. அந்தத் திடலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்பி வருவேன்.

திடலுக்குப் பின்னால் கொம்பனித்தெரு. அங்கே மலே வீதி இருக்கிறது, ஜாவா லேன் இருக்கிறது, ரைபிள் வீதியும் இருக்கிறது. அந்த ரைபிள் யாருடையது என்று என் வகுப்பில் கேட்டால் ஒரு கையும் உயராது. அது எங்கள் மலாய் சகோதரர்களின் ரைபிள். ஒல்லாந்தரிடம் படைவீரராக இருந்த மலாய் முஸ்லிம்களை 1796க்குப் பிறகு ஆங்கிலேயர் தங்கள் படையில் சேர்த்துக்கொண்டார்கள். அந்தப் படைப்பிரிவுக்கு 1827இல் சிலோன் ரைபிள் ரெஜிமென்ட் என்று பெயர் வந்தது. 1873இல் அது கலைக்கப்பட்டது. அவர்களில் பலர் பொலிஸுக்கும் தீயணைப்புப் படைக்கும் போனார்கள். கலைக்கப்படுவதற்கு ஒரு வருடம் முன்னர், 1872இல், தொடங்கியதுதான் மலே கிரிக்கெட் கழகம்.

இதை ஏன் சொல்கிறேன்? ஒழுங்கோடும் கட்டளைக்குக் கட்டுப்பட்டும் துவக்கு பிடித்த முஸ்லிம்கள் இந்தக் கொழும்பில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள். அது யாருக்கும் ஒளிக்க வேண்டிய விடயமாக இருக்கவில்லை. தெருவுக்கே பேர் வைத்தார்கள்.

ஆனால் சரித்திரத்தில் நல்லதை மட்டும் பொறுக்கி எடுத்தால் அது சரித்திரம் இல்லை. மற்றப் பக்கமும் பார்ப்போம்.

1864 மார்ச் 21. மாவனல்லையில் சரதியலைப் பிடிக்கப் பொலிஸார் போனார்கள். அங்கே வெடி பட்டு இறந்த கொன்ஸ்டபிள் சபான், ஒரு மலாய் முஸ்லிம். கடமையில் உயிர் நீத்த முதல் பொலிஸ்காரர் என்று அவரை நினைவுகூர்ந்து, இன்றும் மார்ச் 21ஐ இலங்கைப் பொலிஸ் தன் வீரர்களின் தினமாக வைத்திருக்கிறது. சரதியலோடு அன்று நின்ற நெருங்கிய கூட்டாளி மம்மலி மரிக்கார். அவரும் முஸ்லிம்தான். அந்த வருடம் மே 7ஆம் திகதி இருவரும் கண்டியில் தூக்கிலிடப்பட்டார்கள். ஒரே நாள், ஒரே இடம். துவக்கின் இரண்டு பக்கமும் எங்கள் ஆள்கள். சமூகத்தின் பேரைக் காப்பாற்றுவதும் கெடுப்பதும் கையில் துவக்கு இருப்பதோ இல்லாததோ அல்ல. அது எந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு இருக்கிறது என்பதுதான்.

அடுத்தது 1915. இது எங்கள் வீடுகளில் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசிய வருடம். மே 28ஆம் திகதி இரவு, வெசாக் ஊர்வலத்தின்போது கண்டியில் ஒரு பள்ளிக்கு முன்னால் தொடங்கியது. சில நாட்களில் கொழும்புக்கும் வந்தது. அரச கணக்கின்படி 25 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். 4,000க்கும் மேற்பட்ட கடைகள் கொள்ளையிடப்பட்டன. 17 பள்ளிகள் எரிக்கப்பட்டன, 86 பள்ளிகள் சேதமாக்கப்பட்டன.

இந்த அளவோடு பாடத்தை நிறுத்துபவர்கள் உண்டு. நான் நிறுத்துவதில்லை. ஜூன் 2ஆம் திகதி ஆளுநர் சார்மர்ஸ் இராணுவச் சட்டம் பிறப்பித்தார். அது ஓகஸ்ட் முடியும் வரை நீடித்தது. பஞ்சாப் படையினரோடு, ஐரோப்பியத் தோட்டத் துரைமாரும் தொண்டர்களும் துவக்குத் தூக்கிக்கொண்டு கிராமங்களுக்குள் போனார்கள். விசாரணை இல்லாமலே பல சிங்களவர்கள் சுடப்பட்டார்கள். கொழும்பு டவுன் கார்ட் அதிகாரியாக இருந்த ஹென்றி பேதிரிஸ் இராணுவ நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டு ஜூலை 7ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 26. அவர் குற்றமற்றவர் என்றுதான் இன்று பெரும்பாலானவர்கள் நம்புகிறார்கள். பொன்னம்பலம் இராமநாதன் சட்டசபையில் இந்த அநியாயங்களை எதிர்த்துப் பேசினார், 1916இல் புத்தகமாகவும் போட்டார். அவர் எங்கள் இழப்பைக் குறைத்துச் சொன்னார் என்ற மனவருத்தம் எங்கள் பக்கத்தில் இன்றும் உண்டு. அது வேறு. விசாரணையில்லாமல் சுடுவது அநியாயம் என்று அவர் சொன்னது சரி.

அந்தச் சம்பவங்கள் நடந்து அடுத்த வருடம், 1916இல், 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் வந்தது. திருத்தங்களோடு இன்றும் அதுதான் இந்த நாட்டில் துவக்குக்கான அடிப்படைச் சட்டம். 1996இல் தண்டனைகள் இன்னும் கடுமையாக்கப்பட்டன. அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருக்க முடியாது, அதை வருடாவருடம் புதுப்பிக்கவும் வேண்டும். "என் வீடு, என் சாமான்" என்ற பேச்சு இங்கே செல்லாது.

அதற்குப் பிறகு நடந்ததை இந்தப் பக்கத்து ஆள்களுக்கு நான் எழுதத் தேவையில்லை. 1983 ஜூலையில் வெள்ளவத்தையில் தமிழ் வீடுகள் எரிந்தபோது, ஆயுதம் வைத்திருந்தவர்கள் பல இடங்களில் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் வீட்டுக்குப் பக்கத்து அண்ணை ஒருவர், ஓய்வு பெற்றவர், இன்னும் பட்டாசுச் சத்தம் கேட்டால் ஜன்னலைப் பூட்டுவார். காலி வீதியில் சோதனைச் சாவடி இருந்த வருடங்களில் நாங்கள் பிள்ளைகளை பாடசாலைக்குக் கூட்டிப்போகும்போது, சிப்பாயின் முகத்தைப் பார்ப்பதில்லை. அவர் தோளில் தொங்குவதன் வாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுதான் பார்ப்போம். பிறகு 2019 ஏப்ரல் 21. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்து போகிற தூரம். எங்கள் அயலவர்கள் செத்தார்கள். எங்கள் பேரைச் சொல்லிக்கொண்டு செய்தவர்கள் செய்தார்கள். அதற்குப் பின் வந்த கிழமைகளில், குர்பானுக்கு வைத்திருந்த கத்தியைக்கூட எங்கே வைப்பது என்று தெரியாமல் நடுங்கிய வீடுகள் எத்தனை.

ஆகவே அந்த வாப்பாவின் பயம் பொய்ப் பயமில்லை. அதை நான் சிரித்துத் தள்ளவில்லை.

ஆனால் ஒரு கேள்வி மிஞ்சியது. இத்தனை வருடமாக நாங்கள் பயந்தது எதற்கு? இரும்புக்கா? யாருக்கும் கட்டுப்படாத கைக்குத்தானே. அப்படியென்றால் துவக்கைக் கட்டுப்படுத்தப் பழக்குகிற இடம் எப்படி இருக்கும்? அடுத்த சனிக்கிழமை, பயிற்சி பார்க்க வரலாமா என்று அனுமதி கேட்டு, அந்த வாப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன்.

சினிமாவில் பார்ப்பது போல ஒன்றுமே இல்லை. பரீட்சை மண்டபம் மாதிரி அமைதி. பத்து மீற்றர் தூரத்தில் இலக்கு அட்டைகள். ரைபிள் காற்றழுத்தத்தில் வேலை செய்கிறது, சன்னத்தின் விட்டம் 4.5 மில்லிமீற்றர். பத்துப் புள்ளி கிடைக்கும் நடுப்பொட்டு எவ்வளவு தெரியுமா? அரை மில்லிமீற்றர். பேனாவால் வைத்த முற்றுப்புள்ளி அளவு. போட்டியில் 60 தரம் அதைத் தேட வேண்டும். கோபக்காரனால் முடியாத விளையாட்டு.

வாசலிலேயே எங்களை நிறுத்தி ஒழுங்குகளைச் சொன்னார் பொறுப்பாளர். பார்க்க மட்டும் வந்தவர்களுக்கும் அது கட்டாயம். எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன்.

ஒன்று. எந்தத் துவக்கையும் சன்னம் உள்ளே இருப்பதாக நினைத்தே தொடவேண்டும். "இப்பத்தான் பார்த்தேன், வெறுமைதான்" என்பது பதிலில்லை. ஒருவர் வெறுமை என்று காட்டிக் கொடுத்தாலும் வாங்குபவர் தானும் திறந்து பார்க்கவேண்டும். அது கொடுத்தவரை நம்பாத குணமில்லை, மரியாதை.

இரண்டு. துவக்கின் வாய் எப்போதும் இலக்கின் பக்கமே. யாராவது கூப்பிட்டால் துவக்கோடு திரும்பக்கூடாது. முதலில் அதைக் கீழே வைத்துவிட்டுத்தான் திரும்பவேண்டும். பிள்ளைகள் அதிகம் பிழைவிடுவது இதில்தானாம். உம்மா பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்து கையும் திரும்பிவிடும். அதனால்தான் பார்வையாளர்கள் சுடுபவரைக் கூப்பிடக்கூடாது.

மூன்று. சுடும் நேரம் வரும்வரை விரல் விசைக்கு வெளியே.

நான்கு. இலக்குக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடக்கூடாது. அட்டை சன்னத்தை நிறுத்தாது, பின்னால் இருக்கும் தடுப்புத்தான் நிறுத்தும். வெளித் திடல்களில் பாவிக்கும் சிறிய .22 ரவைகூட ஒரு கிலோமீற்றருக்கு மேல் போகும். அதனால்தான் அங்கே பின்னால் பெரிய மண்மேடு. சுடும் நேரம் முழுக்கச் சிவப்புக் கொடி.

ஐந்து. கட்டளை ஒருவருடையது. நிரப்பு, தொடங்கு, நிறுத்து, வெறுமையாக்கு. அந்தச் சொல் வராமல் ஒன்றும் நடக்காது. ஆனால் "நிறுத்து" என்ற சொல்லை மட்டும் ஆபத்தைக் கண்ட யாரும் சொல்லலாம். புதிதாக வந்த சின்னப் பிள்ளை சொன்னாலும் தேசிய சம்பியன் நிறுத்தவேண்டும். ஏன் நிறுத்தினாய் என்று பிறகுதான் கேட்கலாம்.

ஆறு. யாராவது அட்டை மாற்ற முன்னால் போனால், பின்னால் ஒருவரும் துவக்கைத் தொடக்கூடாது. துவக்குகள் திறந்தபடி, உள்ளே நிறமான ஒரு பாதுகாப்புக் கொடி நாடா செருகப்பட்டு மேசையில் கிடக்கும். அந்த நாடா தெரிந்தால் தூரத்திலிருந்தே விளங்கும், இதற்குள் ஒன்றும் இல்லை என்று.

இவை பாதுகாப்பு. மிச்சம் பண்பு. மற்றவரின் துவக்கைக் கேளாமல் தொடாதே. சுடுபவருக்குப் பின்னால் சத்தமாகப் பேசாதே. தவறவிட்டவரைப் பார்த்துச் சிரிக்காதே. முடிந்ததும் உன் இடத்தை நீயே சுத்தம் செய். சன்னம் ஈயம், ஆகவே கை கழுவாமல் சாப்பிடாதே.

இந்த ஒழுங்குகள் ஒரே நாளில் வந்தவையில்லை. இங்கிலாந்தில் 1859இல் பொதுமக்கள் தொண்டர் படைகளில் திரளாகச் சேர்ந்தபோது, பயிற்சி இல்லாத ஆயிரக்கணக்கான கைகளில் ரைபிள் வந்தது. அவர்களை ஒழுங்காகச் சுடப் பழக்கவென்று ஒரு தேசிய ரைபிள் சங்கம் அமைந்தது. 1860 ஜூலை 2ஆம் திகதி விம்பிள்டனில் நடந்த அதன் முதல் போட்டியில் விக்டோரியா மகாராணி 400 யார் தூரத்துக்கு முதல் வெடி வைத்தார். வைத்தார் என்றால் கையில் தூக்கி அல்ல. ரைபிளைத் தாங்கியில் பூட்டி, முன்கூட்டியே குறி சரிபார்த்து, கயிறு கட்டிக் கொடுத்திருந்தார்கள். மகாராணியானாலும் பாதுகாப்பு ஒழுங்குதான் முதலில். எங்கள் நாட்டில் 1881இல் தொண்டர் படை அமைந்தது, அதே வருடம் றோயல் கல்லூரியில் கடேற் பயிற்சியும் தொடங்கியது. அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சிதான் இன்று பாடசாலைகளுக்கு இடையிலான குறிபார்த்துச் சுடுதல் போட்டிகள். எங்கள் நாட்டுப் பெண் தெஹானி எகொடவெல டோக்கியோ ஒலிம்பிக் வரை போனது இதே பத்து மீற்றர் எயார் ரைபிளில்தான்.

பொறுப்பாளர் சொல்லி முடித்தபோது அந்த வாப்பா என் காதருகே மெல்லச் சொன்னார்: "சேர், இதெல்லாம் எங்களுக்கு ஓதித் தந்ததுதானே."

உண்மைதான். எனக்கு முதலில் அது மனதில் வரவில்லை என்பது வெட்கம். பள்ளிக்குள்ளோ சந்தையிலோ அம்புகளோடு போகிறவர், யாருக்கும் பட்டுவிடாதபடி அம்பு முனைகளைக் கையால் பிடித்துக்கொள்ளவேண்டும் என்று நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கட்டளையிட்டார்கள். உறையிலிருந்து உருவிய வாளைக் கைமாற்றுவதைத் தடுத்தார்கள். விளையாட்டுக்குக்கூட ஆயுதத்தைச் சகோதரன் பக்கம் நீட்டவேண்டாம், ஷைத்தான் கையைத் தவறச் செய்துவிடலாம் என்று எச்சரித்தார்கள். உயிருள்ள பிராணியை இலக்காக வைத்து எய்வதையும் தடுத்தார்கள். அம்பெய்யப் பழகுவதைத் தூண்டியவர்களும் அவர்கள்தான். இரண்டையும் சேர்த்து வாசிக்கவேண்டும். ஒன்றை விட்டு மற்றதை எடுத்தவர்கள் எங்களை எங்கே கொண்டுபோய் விட்டார்கள் என்று பார்த்துவிட்டோம்.

பயிற்சி தொடங்கியது. மகள் எங்களைப் பார்க்கவில்லை. மூச்சை விட்டாள், நிறுத்தினாள், குறி சரியில்லை போலிருக்கிறது, சுடாமல் ரைபிளை இறக்கி வைத்தாள். மறுபடி எடுத்தாள். மறுபடியும் இறக்கினாள். மூன்றாம் தரம்தான் சுட்டாள். சுடாமல் இறக்கி வைப்பதுதான் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கக் கடினமான பாடம் என்று பயிற்றுவிப்பாளர் சொன்னார்.

நான் 1915ஐ நினைத்தேன். அன்று துவக்கோடு கிராமத்துக்குள் போன துரைமார் ஒருவருக்காவது அந்தப் பாடம் தெரிந்திருந்தால்! துவக்குப் பிடிக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். இறக்கி வைக்கத் தெரிந்தவர்கள்தான் இல்லை.

இதற்காக எல்லாப் பிள்ளைகளையும் ரைபிள் பழக அனுப்புங்கள் என்று நான் சொல்லவில்லை. கரம் போர்டும் நல்ல விளையாட்டுத்தான். அனுப்புவதென்றால் பாடசாலை ஊடாக, பதிவுள்ள கழகத்துக்கு மட்டும் அனுப்புங்கள். முதல் நாள் நீங்களும் போய்ப் பாருங்கள். ஒழுங்குகளைச் சொல்லாமல் பிள்ளையின் கையில் ரைபிளைக் கொடுக்கும் இடமென்றால், அப்படியே திரும்பிக் கூட்டிவந்துவிடுங்கள். வீட்டில் எந்த வகைத் துவக்கையும் சட்டம் விசாரிக்காமல் வாங்கி வைக்காதீர்கள். பெருநாளைக்கு விற்கும் விளையாட்டுத் துவக்கை வாங்கிக் கொடுத்து, "வாப்பாவைச் சுடு பார்ப்போம்" என்று சொல்லிச் சிரிக்கும் பழக்கத்தையும் விடுவோம். இந்த ஊரில் அந்தச் சிரிப்புக்கு இடமில்லை.

திரும்பி வரும்போது காலிமுகத்திடலில் இறங்கினோம். பட்டங்கள் நிறைய. அந்த வாப்பா ஒரு பிளேன்டீ வாங்கித் தந்தார். கடிதத்தை எடுத்து, என் முதுகில் வைத்துக் கையொப்பம் போட்டார்.

"ஒரு விஷயம் சேர். அவள் ரைபிளோட நிற்கிற போட்டோ மட்டும் எடுக்க வேணாம் என்று பாடசாலைக்குச் சொல்லுங்க. பேஸ்புக்கில போட்டிடுவாங்க. நாளைக்கு யாரும் என்னவும் எழுதுவாங்க."

பிள்ளை பதக்கம் எடுத்தாலும் அந்தப் படம் வராது. அதை நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது. ஆனால் அவரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. சரி நானா என்றேன்.

ஆகவே இந்தப் பதிவோடு படம் இல்லை. ஒரு நாள் வரும், இன்ஷா அல்லாஹ். அந்தப் படத்தைப் போட்டு, கொட்டாஞ்சேனைப் பிள்ளை என்று எல்லாச் சமூகத்தவரும் சேர்ந்து சொல்லுகிற நாள். அதுவரை துஆச் செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.